ஆண்டாள் வரிசையில் ஒரு ரிட்டயர்டு டீச்சர்

ஓய்வு பெற்று வருகிறவர்களுக்கு அறிவுரை சொல்வதற்கென்றே ஊரில் ஒரு கூட்டம் காத்திருக்கிறது. மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து, ஒப்பந்தம் முடிந்து, இரண்டு பெட்டியும் ஒரு குக்கருமாக நான் சென்னையில் தங்கை வீட்டில் வந்து இறங்கினேன். ஒரு வாரத்துக்குள் எனக்குத் தியான முகாம், மூச்சுப் பயிற்சி, காசி யாத்திரை எல்லாம் சிபாரிசு ஆகிவிட்டன. "இந்த மாதிரி ரெண்டுங்கெட்டான் நேரத்துலதான் கோமதி, மனசு ஆன்மிகமா வளரும்" என்றார் தங்கையின் மாமியார். ஐம்பத்து நான்கு வயதில் என்னிடம் வளர்ந்துகொண்டிருந்தது இடுப்புச் சுற்றளவு ஒன்றுதான் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

சொல்லாத விஷயம் இன்னொன்றும் இருந்தது. அதன் பெயர் சபாபதி.

சபாபதி எங்கள் பள்ளிக்கூடத்து அக்கவுண்டன்ட். கோயம்புத்தூர்க்காரர், மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர். அவருக்கும் அதே மாதம்தான் பணி முடிந்தது. மஸ்கட் விமான நிலையத்தில் என் பெட்டி இரண்டு கிலோ கூடுதலாக இருந்தது. பின்னால் நின்றிருந்தவர், "என் பெட்டியில இடமிருக்கு டீச்சர், இதுல வெச்சுக்கலாம்" என்றார். வைத்தோம். குக்கர் மூடியை அவர் பெட்டிக்குள் செருகிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "இனிமேலும் ரெண்டு பேர் சாமானும் ஒரே எடத்துல இருந்தா நல்லாருக்கும்னு எனக்கு ஓர் ஆசை. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

என் கணவர் போய் ஒன்பது வருஷமாகிறது. அந்த ஒன்பது வருஷத்தில் என்னிடம் யாரும் ஆசை என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. "கோயிலுக்குப் போயிட்டு வந்து சொல்றேன்" என்று உளறினேன். எந்தக் கோயில் என்று கேட்டார். வாயில் வந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். பக்கத்து ஊரான இராஜபாளையத்தில் என் சிநேகிதி மைமூன் இருக்கிறாளே, அந்த ஞாபகத்தில் சொன்னேன். கல்யாணம் ஆகவேண்டிய பெண்கள் வேண்டிக்கொண்டு போகிற கோயில் அது என்பது விமானம் ஏறிய பிறகுதான் உறைத்தது. மனிதர் ஏன் அப்படிச் சிரித்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

ஆகவே கிளம்பினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே.

மதுரையில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள், சிவகாசி தாண்டுகிறவரை நன்றாக விழித்திருந்தேன். பிறகு மேற்கு மலைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. மஸ்கட்டில் ஏ.சி. காற்றில் தூங்கிப் பழகிய உடம்பு, அந்தச் சித்திரை மாதக் காற்றை வாங்கியதும் ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டது. போன் அடித்தபோது வண்டி எங்கோ நின்றிருந்தது.

"எங்கட்டி இருக்க? ஸ்டேஷன்ல நானும் அவியளும் ஒவ்வொரு பெட்டியா எட்டிப் பாத்துட்டு நிக்கோம், வண்டி போயி அரை மணி நேரமாச்சு, நீ போனும் எடுக்கல" என்றாள் மைமூன். அவியள் என்றால் அவள் கணவர் ஜமால்.

வெளியே பெயர்ப் பலகையைப் பார்த்தேன். "சங்கரன்கோவில்னு போட்டிருக்கு."

"அது எங்க ஊருக்கு அடுத்த ஸ்டேஷன்லா! ஊரு பிள்ளையளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் குடுத்தவளுக்கு ஒரு ஸ்டேஷன எண்ணத் தெரியல. எறங்கு, எறங்கு, பஸ்ஸப் பிடிச்சு வா. அங்க ஒம் பேருக்காரி கோமதியம்மன் இருக்கா. ஒரு கும்பிடு போட்டுட்டு வா, கூப்பிட்டு எறக்கிவிட்டிருக்கா."

கோபுரம் இருக்கிற திசையைக் கேட்டு, நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் டாக்சியில் போயிருக்கிறேன். ஒரு டிரைவரும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இங்கே பக்கத்து சீட்டுப் பெண்மணி, ஊர் எல்லை தாண்டுவதற்குள் என் ஜாதகத்தையே வாங்கிவிட்டார். பிள்ளை எத்தனை, பேரனா பேத்தியா, அப்புறம் வீட்டுக்காரர்?

"இல்லைங்க."

"இல்லன்னா, கூட வரலையா?"

"காலமாயிட்டார்."

அவர் மடியில் வைத்திருந்த வெள்ளரிக்காயில் பாதியை ஒடித்து, உப்பு மிளகாய்த்தூள் தடவி என் கையில் வைத்தார். நான் அதைத் தின்றுகொண்டே மலையைப் பார்த்தபடி வந்தேன். எனக்கு ஏனோ அழுகை வந்தது. மிளகாய்த்தூள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மைமூன் மஸ்கட்டில் எனக்குக் கீழ்வீட்டுக்காரி. என் கணவர் இறந்த வருஷம் ஒரு மாதம் முழுக்க எனக்குச் சோறு பொங்கிப் போட்டவள். பிறகு ஜமால் அண்ணன் மஸ்கட்டில் வைத்திருந்த கடையை விட்டுவிட்டார்; இருவரும் ஊர் திரும்பி, இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் தொடங்கிவிட்டார்கள். அவள் கையால் ஆட்டுக்கறிப் பிரியாணி சாப்பிட்டு வருஷக்கணக்காகிறது. அந்த ஆசையில்தான் வாசல்படி ஏறினேன். இலையில் விழுந்தது சாம்பார், பாகற்காய் வறுவல், அப்பளம்.

"என்னடி இது?"

"கோயிலுக்குப் போறவளுக்குக் கறி கெடையாது."

"கோயிலுக்கு நாளன்னிக்குத்தானே போறோம். எனக்கு அப்படியெல்லாம் ஒரு விரதமும் இல்லை மைமூன்."

"ஒனக்கு இல்லாட்டி என்ன, எனக்கு இருக்கு. ஆண்டா ஊருக்குப் பக்கத்துல பொறந்து வளந்தவ நான். பொறவு ஒனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, மைமூன் கறியப் போட்டுக் கெடுத்தான்னு பேரு வரும். சாப்பிடுதியா, இல்ல ரசம் ஊத்தவா?"

ஜமால் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு பாகற்காயை மென்றார். பாவம், என்னால் அவருக்கும் தண்டனை.

மறுநாள் அவருடைய பட்டறையைப் பார்த்தேன். வெளுத்த மெல்லிசுத் துணி ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. ஒரு பக்கம் வெட்டு, ஒரு பக்கம் சுருட்டு, ஒரு பக்கம் பொட்டலம். ஆஸ்பத்திரியில் பார்க்கிற துணி, இங்கே இவர்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஆகிவருகிறது. மைமூன் அதில்தான் டீ வடிகட்டுகிறாள், கண்ணாடி துடைக்கிறாள், மல்லிகைப்பூவை ஈரம் போகாமல் சுற்றி வைக்கிறாள். அவள் கைப்பைக்குள் பர்ஸ் இல்லாமல் இருக்கும், பேண்டேஜ் சுருள் இல்லாமல் இருக்காது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ராஜம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு. "ரண்டி, கூர்ச்சோண்டி" என்று உட்காரவைத்து, தங்கள் தோப்பு மாம்பழத்தை நறுக்கி வைத்தார். அப்படியொரு மாம்பழத்தை நான் வாழ்நாளில் தின்றதில்லை. மூக்குச் சிவந்த வெள்ளை நாய் ஒன்று தூணருகே உட்கார்ந்து என்னையே வெறித்துப் பார்த்தது. இந்த ஊர் நாய்கள் கெட்டிக்கார நாய்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் எதையோ மறைப்பது அதற்குத் தெரிந்துவிட்டது என்றே தோன்றியது.

ராஜம்மாவும் மைமூனும் தெலுங்கில் வெகு வேகமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் ஒரே ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. பெள்ளி. ஸ்டாஃப் ரூமில் எனக்கு அடுத்த மேஜை ஹைதராபாத் டீச்சர். பெள்ளி என்றால் கல்யாணம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வார்த்தை விழுந்ததும் இரண்டு பேரும், கூடவே நாயும், என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி, உன்கிட்ட மட்டும் போன்ல சொன்னதைத் தெரு முழுக்கச் சொல்லிட்டியா?"

"தெரு முழுக்க எங்க சொன்னேன்? அவியகிட்ட மட்டுந்தான் சொன்னேன். அவிய வாய தொறக்க மாட்டாவ."

"இப்ப அரை மணி நேரமா மூடவே இல்லையே!"

அன்றைக்கே என் மகன் அரவிந்த் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். "அம்மா, உங்க ரூம் ரெடி. கட்டில் வந்தாச்சு, ஃபேன் மாத்தியாச்சு. எப்பம்மா வர்றீங்க? அடுத்த மாசம் இவ ஆபீஸ் போயாகணும், குட்டிய உங்க கையில குடுத்துட்டா எங்களுக்கு நிம்மதி."

அவன் அப்பா போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. காரியம் முடிந்த அன்றைக்கு, மொட்டைத் தலையோடு என் முன்னால் வந்து நின்று, "இனிமே உங்கள நான் பாத்துக்கறேம்மா" என்றான். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அந்தச் சொல்லிலிருந்து அவன் நழுவியதில்லை. அப்படிப்பட்ட பிள்ளையிடம் போய், எனக்கு வேறு ஓர் இடத்தில் கட்டில் பார்த்தாயிற்று என்று எந்த வாயால் சொல்வது?

"கோயிலுக்குப் போயிட்டு வந்து சொல்றேன்பா" என்றேன். சபாபதிக்குச் சொன்ன அதே வாக்கியம். இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள், நான் மதில்மேல் பூனையாக மாம்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

மைமூன் மாலைத் தொழுகை முடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ போன்ல சொன்ன நாள்லேருந்து நானும் ஒனக்காகக் கேட்டுட்டுத்தாம்ட்டி இருக்கேன். இஸ்திகாரான்னு எங்கள்ல ஒரு தொழுகை உண்டு. ரெண்டு மனசா இருக்கையில அல்லாகிட்ட நல்லதக் காட்டுன்னு கேக்குறது."

ஆவலாக நிமிர்ந்தேன். "என்ன காட்டினார்?"

"ஒண்ணும் காட்டல. கனவுல ஒரு ஒட்டகம் வந்துச்சு, அது நம்ம மஸ்கட் ஒட்டகம்."

"பிறகு?"

"பொறவென்ன? கேட்டாச்சுல்லா. பாரத்த அவன்மேல போட்டுட்டு, எந்திரிச்சு ஒரு பக்கமா நடக்க வேண்டியதுதான். நல்லதா இருந்தா வழி லேசாகும். இல்லன்னா அவனே கதவ அடைச்சிருவான். ஒக்காந்த எடத்துல ஒக்காந்துட்டு, இன்னுங் காட்டு, இன்னுங் காட்டுன்னா எப்படி?"

எனக்கு அது போதவில்லை. வாழ்நாள் முழுக்க விடைத்தாளில் சரி, தப்பு போட்டவள் நான். சாமியும் எனக்கு அப்படி ஒரு குறி போட்டுத் தரவேண்டும் என்று எதிர்பார்த்தேன். எங்கள் மாயவரம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒருவரை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் சரி, வெள்ளை வந்தால் வேண்டாம். ஆண்டாள் முன்னால் பூக்கட்டிப் பார்த்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினோம். அந்தப் பெரிய கோபுரம் ஊருக்கு முன்பே வந்து எங்களை எதிர்கொண்டது. சன்னதித் தெருவில் பாலைச் சுண்டக் காய்ச்சுகிற வாசனை மூச்சை அடைத்தது. நான் பூக்கடையில் செவ்வரளியும் நந்தியாவட்டையும் வாங்கி மைமூன் கையில் கொடுத்தேன். "இத ரெண்டு பொட்டலமாக் கட்டு. நான் பாக்கக் கூடாது" என்று சொல்லித் திரும்பி நின்றுகொண்டேன். கட்டுகிறவருக்குக்கூட எந்தப் பூவுக்கு என்ன பலன் என்று தெரியாமல் இருந்தால் சுத்தமாக இருக்கும் என்று, அதற்கு மேல் விளக்கவில்லை. மைமூன் கைப்பையைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பியபோது அவள் என் கையில் வைத்தவை, அடிபட்ட கட்டைவிரல் இரண்டுக்குக் கட்டுப் போட்டமாதிரி இருந்தன.

"பேப்பர்ல மடிச்சா பூ கசங்கிரும்லா" என்றாள். "போயிட்டு வா. நான் பால்கோவா கடையில இருக்கேன். செத்த நேரம் ஆனாலும் பரவால்ல, நல்லா வேண்டிக்கோ."

ஆண்டாள் சன்னதி வரிசையில் எனக்கு முன்னால் பெண்கள், பின்னால் பெண்கள். எல்லாம் இருபது, இருபத்தைந்து. அம்மாமார்கள் கையில் தேங்காய்ப் பையோடு கூட நின்றார்கள். எனக்கு அடுத்து நின்றவள் ஆலங்குளத்துப் பெண். அப்பா சிமென்ட் ஆலை வேலை, அவள் நர்ஸ் படிப்பு முடித்தவள், மூன்று வரன் தட்டிப்போய்விட்டதாம். சலிப்பில்லாமல் சிரித்துக்கொண்டே சொன்னாள். என்னை என்னவாக நினைத்தார்களோ, ஓர் அம்மாள், "உங்க மக எங்கம்மா, கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டார். நான் கூட்டம் அதிகம் என்று சம்பந்தமில்லாமல் பதில் சொன்னேன்.

உள்ளே ஆண்டாள் இடக்கையில் பச்சை இலைக்கிளி. தினமும் புதிதாகச் செய்து வைப்பார்களாம், ஒரே ஒரு நாள்தான் அதற்கு அவள் கையில் வேலை, மறுநாள் வேறு கிளி. என் வேலையும் ஒப்பந்த வேலைதான் என்பதால் அந்தக் கிளிமேல் எனக்குத் தனிப் பிரியம் வந்தது. ஆனால் கேட்க வேண்டியதை ஒன்றும் கேட்கவில்லை. கைகூப்பி நின்றேன், பட்டர் துளசி கொடுத்தார், கூட்டம் தள்ளியது, வெளியே வந்துவிட்டேன்.

நந்தவனத்துப் பக்கம் வந்து துளசிச் செடியருகே இரண்டு பொட்டலத்தையும் வைத்தேன். இங்கேதான் அவள் குழந்தையாகக் கிடைத்தாள் என்கிறார்கள். ஆலங்குளத்துப் பெண் பிரகாரம் சுற்றி வந்துகொண்டிருந்தாள். "கண்ணு, இதுல ஒண்ணை எடுத்துக் குடேன்" என்றேன்.

"என்ன ஆன்ட்டி, காயமா?" என்று கேட்டவள், விஷயம் புரிந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். கட்டைப் பிரிக்கத் தொடங்கினாள். நர்ஸ் அல்லவா, சுற்றுச் சுற்றாகப் பதமாகப் பிரித்தாள். துணி வந்துகொண்டே இருந்தது. சிவப்பாக இருக்கட்டும், தாயே, சிவப்பாக இருக்கட்டும் என்று என் உதடு தானாக முணுமுணுத்தது.

கடைசிச் சுற்றும் அவிழ்ந்தது. உள்ளே ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை.

"ஆன்ட்டி, ரெண்டும் வந்திருக்கு!" அவள் மற்றதையும் பிரித்தாள். அதிலும் அப்படியே. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, காம்பும் காம்பும் சேர்த்து அழகாகக் கட்டியிருந்தது. எனக்கு மைமூன் கழுத்தை நெரிக்கவேண்டும்போல் இருந்தது.

"யாருக்கு ஆன்ட்டி கேட்டீங்க?"

"தெரிஞ்ச பொண்ணு ஒருத்திக்கு."

சொன்ன மறு வினாடி எனக்கு உடம்பு கூசிப்போனது. அந்தப் பெண் மூன்று வரன் தட்டிப்போனதை முன்பின் தெரியாத என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் அவள் முன்னாலும், துளசி முன்னாலும், ஆண்டாள் முன்னாலும் என்னையே யாரோ ஒருத்தியாக்கிவிட்டேன். "அந்தப் பொண்ணுக்கு நல்லபடியா முடியும் ஆன்ட்டி, நானும் வேண்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் வெளியே போகிற வழியில் கண்ணாடிக் கிணறு. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் போட்டுக்கொண்டு, அவனுக்குப் பொருத்தமாக இருக்கிறோமா என்று ஆண்டாள் இதில்தான் எட்டிப் பார்த்தாளாம். எல்லோரும் பார்க்கிறார்களே என்று நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு இருட்டுதான் தெரிந்தது. இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறேன், ஒரு தடவையும் யோசித்ததில்லை. இவள் யாரையும் பொட்டலம் எடுக்கச் சொல்லவில்லை. தனக்கு வேண்டும் என்று தெரிந்துகொண்டாள், வேண்டும் என்று ஊரறியச் சொன்னாள். எடுத்து வளர்த்த தகப்பன் கோபித்துக்கொண்டபோதும் இல்லை என்று சொல்லவில்லை. அவளிடம் வந்து நின்றுகொண்டு, ஒருத்திக்கு என்று முணுமுணுக்கிறேன் நான். இத்தனை நாள் நான் பக்தி என்று நினைத்திருந்ததில் பாதி, பொறுப்பைச் சாமி தலையில் கட்டிவிடுகிற சாமர்த்தியம் என்று அந்தக் கிணற்றடியில் எனக்குப் புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

மைமூன் கடை வாசலில் இலைத்தொன்னையில் பால்கோவாவை வழித்துக்கொண்டிருந்தாள். நான் பத்ரகாளியாகப் போய் நின்றேன்.

"ஒண்ணுல சிவப்பு, ஒண்ணுல வெள்ளை வெக்கணும்டி!"

"அத நீ சொன்னியா? ரெண்டு கலர் பூவக் குடுத்து ரெண்டு பொட்டலம்னா, நான் ரெண்டையும் சரிசமமாத்தான் பிரிப்பேன். சாமிக்குப் போறதுல ஒண்ணு நெறைஞ்சு ஒண்ணு கொறைஞ்சா நல்லாவா இருக்கும்?" அவளுக்கு உண்மையாகவே கோபம். "சரி, விடு. பூ வாங்கு, இப்பக் கட்டித் தாரேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"பிரிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. சிவப்பு வரணும், வரணும்னு அடிச்சுக்கிட்டேன்."

அவள் தொன்னையைக் கீழே வைத்தாள். "அப்பொறம் என்னட்டி தயக்கம்?"

"அரவிந்த்."

மைமூன் இன்னொரு பால்கோவா வாங்கி என் கையில் கொடுத்தாள். அடுப்பின் சூடு மாறாத பால்கோவா. கையில் இருப்பதை இரண்டு பேரும் தின்று முடித்துவிட்டுப் பஸ் ஏறினோம்.

திரும்புகிற டவுன் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. கம்பியில் தொங்கினோம். பிறகு முருங்கைக்காய்க் கட்டு வைத்திருந்த ஓர் அம்மாள் ஒதுங்கி எனக்கு மட்டும் அரை சீட்டு கொடுத்தார். ஸ்பீக்கரில் பாட்டு காதைக் கிழித்தது. ஊரைத் தாண்டுவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. இராஜபாளையம் போய் இறங்கினால் மறுபடியும் ஒரு நாள் தள்ளிப் போடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். போனை எடுத்து அரவிந்தைக் கூப்பிட்டேன்.

"அம்மா, கோயிலுக்குப் போயாச்சா?"

"போயாச்சுப்பா. ஒண்ணு சொல்லணும்."

"என்னம்மா? ஒரே பாட்டா கேக்குது!"

"ஒரு கல்யாண விஷயம்."

"கல்யாணமா? யாருக்கு?"

கொஞ்சம் குரலை உயர்த்தி, "எனக்கு" என்றேன்.

"கேக்கலம்மா! யாருக்கு?"

"எனக்குடா!"

"யாருக்கும்மா?"

எழுந்து நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குப் போடுகிற குரல் தானாக வந்தது. "எனக்கு! எனக்குத்தான்டா கல்யாணம்! உங்கம்மாவுக்கு! நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்!"

போன் கட்டாகிவிட்டது. பாட்டு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முன்பக்கம் இருந்த தலைகள் எல்லாம் பின்பக்கம் திரும்பியிருந்தன. மைமூன் கம்பியைப் பிடித்தபடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் அப்படியே இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

முருங்கைக்காய் அம்மாள்தான் முதலில் பேசினார். "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு தாயி?"

"கோயம்புத்தூர்."

"நல்ல ஊரு. தண்ணி நல்லாருக்கும்."

பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர், "வெயிலும் இம்புட்டுக் கெடையாது" என்றார். அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை ராத்திரி தூங்காமல் புரண்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் யார் என்ன சொன்னாலும் என் பிள்ளை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. போன் மறுபடியும் அடித்தது.

"அம்மா." அவன் குரல் கம்மியிருந்தது. "நான் உங்கள சரியாப் பாத்துக்கலையா?"

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. இந்தத் தடவை மிளகாய்த்தூள் என்று சொல்ல நினைக்கவில்லை. "நல்லாப் பாத்துக்கிட்டடா. இத்தனை வருஷம் என்னைக் கீழ விழ விடாம பாத்துக்கிட்ட. அதனாலதான் இப்ப எழுந்து நடக்கத் தைரியம் வந்திருக்கு. குட்டிய நான் வந்து பாப்பேன். ஆனா எனக்கு அவரோட இருக்கணும்னு ஆசையா இருக்குப்பா."

மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு, "பேரென்ன?" என்றான்.

"சபாபதி."

"அந்தக் குக்கர் மூடி ஆளா? அவர் பெட்டியில வெச்சேன்னு சொல்லி நீங்க நாலு தடவை சிரிச்சீங்களேம்மா. நான்தான் மூடி கெடைச்சுதான்னு மட்டும் கேட்டேன்." அவனும் சிரித்தான், அழுகையோடு. "சரி. நீங்க சரின்னு சொன்னதும் அவர் என்ன சொன்னாரு?"

நான் விழித்தேன். ஆண்டாளுக்குத் தெரியும். ராஜம்மாவுக்கும் அவர் நாய்க்கும் தெரியும். என் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, ஓடுகிற டவுன் பஸ்ஸில் டிரைவர் உட்பட அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

"அவர்கிட்ட இன்னும் சொல்லலைடா" என்றேன்.

"எம்மா தாயி!" முருங்கைக்காய் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "மொதல்ல அந்த மனுசனுக்குப் போனப் போடு!"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்பரைத் தேடினேன். டிரைவர் பாட்டை மறுபடி போடப் போனார் போலிருக்கிறது. "ஏய், செத்த நேரம் சும்மா இருங்கப்பா, அந்தம்மா பேசட்டும்" என்று பஸ்ஸே சேர்ந்து கத்தியது. மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.